மக்காவ் கிளி முதல் மலைப்பாம்பு வரை: அயல்நாட்டு உயிரினங்களை வீட்டில் வளர்க்கலாமா? சட்டம் சொல்வது என்ன?

புது தில்லி: 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், பாங்காக்கிலிருந்து பெங்களூரு வந்திறங்கிய விமானம் ஒன்றின் பயணப் பெட்டிகளைச் சுங்கத் துறை அதிகாரிகள் சோதனையிட்டனர். உரிமை கோரப்படாமல் கிடந்த பெட்டிக்குள் 55 பந்து மலைப்பாம்புகளும் 17 ராஜநாகங்களும் உயிருடன் இருந்தன. அவற்றுடன் அடைக்கப்பட்டிருந்த ஆறு கப்புச்சின் குரங்குகள் இறந்து கிடந்தன.

சென்னை, மும்பை உள்ளிட்ட விமான நிலையங்களிலும் இத்தகைய பறிமுதல்கள் அடிக்கடி நிகழ்கின்றன. பல்லிகள், ஆமைகள், சிறு குரங்குகள், வண்ணக் கிளிகள் எனக் கடத்தப்படும் உயிரினங்களின் பட்டியல் நீளமானது. இவற்றில் பெரும்பாலானவை சென்று சேரும் இடம் உயிரியல் பூங்கா அன்று, வீடுகள்தாம். நாய், பூனை, மீன் ஆகியவற்றைத் தாண்டி, அரிய உயிரினங்களைச் செல்லப்பிராணிகளாக வளர்க்கும் விருப்பம் இந்திய நகரங்களில் பெருகியுள்ளது. கடையில் வெளிப்படையாக விற்கப்படும் ஓர் உயிரினத்தைச் சட்டப்படி வீட்டில் வைத்திருக்க முடியுமா என்ற ஐயம் பலருக்கு வாங்கிய பின்னரே எழுகிறது.

மூன்று வகை உயிரினங்கள்

சட்டத்தின் பார்வையில், வீட்டில் வளர்க்கப்படும் மரபு சாராத உயிரினங்களை மூன்றாகப் பிரித்துப் பார்ப்பது எளிது. முதலாவது, இந்தியக் காடுகளுக்கும் நீர்நிலைகளுக்கும் உரிய வன உயிரினங்கள். இரண்டாவது, சர்வதேச உடன்படிக்கையின் கீழ் வணிகம் கட்டுப்படுத்தப்பட்ட அயல்நாட்டு உயிரினங்கள். மூன்றாவது, இவ்விரு பட்டியல்களிலும் இடம்பெறாத உயிரினங்கள். ஒவ்வொரு வகைக்கும் பொருந்தும் விதி வேறு.

இந்திய வன உயிரினங்கள்: அனுமதி இல்லை

1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட இந்திய வன உயிரினங்களைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் அடைத்து வைப்பதும் குற்றமாகும். பலர் நினைப்பதற்கு மாறாக, பச்சைக்கிளியும் இதில் அடங்கும். தலைமுறை தலைமுறையாக வீட்டுத் திண்ணைகளில் கூண்டோடு தொங்கவிடப்பட்டு வந்த பறவை என்பதால் அதற்கு விலக்கு எதுவும் இல்லை. கிளி ஜோதிடம் பார்ப்போருக்கும் இதே விதிதான். மலை மைனா, சில்லைகள், நட்சத்திர ஆமை ஆகியவையும் பாதுகாக்கப்பட்டவையே. இந்தியக் காட்டுப் பறவைகளின் வணிகம் 1990-91 முதல் தடை செய்யப்பட்டுள்ளது.

2022-இல் நிறைவேற்றப்பட்டு 2023 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம், தண்டனையையும் கடுமையாக்கியது. முதலாம் அட்டவணையில் உள்ள உயிரினங்கள் தொடர்பான குற்றங்களுக்கு 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கப்படலாம். பிற குற்றங்களுக்குப் பொதுவாக 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் சேர்த்து விதிக்கப்படலாம்.

அன்போடு வளர்த்தோம் என்பது சட்டத்தின் முன் போதிய விளக்கம் ஆகாது. உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில், காயமுற்றுக் கிடந்த சாரஸ் கொக்கு ஒன்றை விவசாயி ஒருவர் காப்பாற்றிப் பராமரித்தார். அது அடைத்து வைக்கப்படவில்லை. தானாகவே அவரைப் பின்தொடர்ந்தது. அந்தக் காட்சிகள் நாடு முழுவதும் பரவின. எனினும் 2023 மார்ச்சில் வனத் துறை அந்தப் பறவையை அவரிடமிருந்து பிரித்து எடுத்துச் சென்றது. பின்னர் அது கான்பூர் உயிரியல் பூங்காவில் சேர்க்கப்பட்டது. விவசாயி மீது வழக்கும் பதியப்பட்டது. இந்த நடவடிக்கை பெரும் விவாதத்தை எழுப்பியது. காயமுற்ற வன உயிரினத்தைக் கண்டால் உடனே வனத் துறைக்குத் தெரிவிப்பதே பறவைக்கும் மனிதருக்கும் பாதுகாப்பானது என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

சைட்டிஸ் பட்டியல்: வைத்திருக்கலாம், ஆனால் பதிவு கட்டாயம்

அருகி வரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை 'சைட்டிஸ்' எனப்படுகிறது. 1975-இல் நடைமுறைக்கு வந்த இந்த உடன்படிக்கையில் இந்தியா 1976 முதல் உறுப்பு நாடாக உள்ளது. இன்று 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இதில் இணைந்துள்ளன. அழிவின் விளிம்பில் உள்ளவை இதன் முதல் பின்னிணைப்பிலும், கட்டுப்பாடின்றி விற்கப்பட்டால் அழிவை நோக்கிச் செல்லக்கூடியவை இரண்டாம் பின்னிணைப்பிலும் சேர்க்கப்படுகின்றன.

மனிதக் குரலை அப்படியே திருப்பிச் சொல்லும் திறனால் உலகெங்கும் விரும்பப்படும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, 2016-இல் எடுக்கப்பட்ட முடிவின்படி முதல் பின்னிணைப்புக்கு மாற்றப்பட்டது. செம்மக்காவ், நீல மக்காவ் ஆகியவையும் அதே பின்னிணைப்பில் உள்ளன. நீல-மஞ்சள் மக்காவ், பச்சை இகுவானா, பந்து மலைப்பாம்பு, சல்காட்டா ஆமை, மார்மோசெட் குரங்கு போன்றவை இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளன.

நீண்ட காலமாக, இவ்வுயிரினங்கள் நாட்டுக்குள் வந்துவிட்ட பிறகு அவற்றை வைத்திருப்பதைக் கட்டுப்படுத்தத் தெளிவான சட்டம் இந்தியாவில் இல்லை. எல்லையில் பிடிபட்டால் கடத்தல் வழக்கு. எல்லையைத் தாண்டிவிட்டால் கேள்வி இல்லை என்ற நிலையே நிலவியது. இந்த இடைவெளியை நிரப்ப, 2020 ஜூன் மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தன்னார்வ அறிவிப்புத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ஆறு மாதங்களுக்குள் தாமாக முன்வந்து விவரம் தெரிவிப்போரிடம் ஆவணங்கள் கேட்கப்படமாட்டா என அப்போது அறிவிக்கப்பட்டது.

2022-ஆம் ஆண்டுத் திருத்தம் இதனைச் சட்டமாகவே ஆக்கியது. ஆறாக இருந்த அட்டவணைகள் நான்காகக் குறைக்கப்பட்டன. நான்காம் அட்டவணை முழுவதும் சைட்டிஸ் உயிரினங்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதன் தொடர்ச்சியாக, உயிருள்ள விலங்கினங்களை அறிவித்தல் மற்றும் பதிவு செய்தலுக்கான விதிகள் 2024 பிப்ரவரி இறுதியில் வெளியாயின.

பதிவு செய்வது எப்படி?

* நான்காம் அட்டவணையில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் 'பரிவேஷ்' இணையதளம் வழியாக, தம் மாநிலத்தின் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

* ஏற்கெனவே வைத்திருந்தோருக்கு விதிகள் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அந்த அவகாசம் 2024 ஆகஸ்ட் மாதத்துடன் முடிவடைந்தது.

* அதன் பிறகு புதிதாகப் பெறுவோர், உயிரினம் தம் கைக்கு வந்த 30 நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

* குட்டி ஈன்றாலும், குஞ்சு பொரித்தாலும், உயிரினம் இறந்தாலும், வேறொருவருக்குக் கைமாறினாலும் அதனையும் தெரிவிக்க வேண்டும்.

* முதல் பின்னிணைப்பு உயிரினங்களை இனப்பெருக்கம் செய்வோருக்குத் தனி உரிமம் தேவை. அதற்கான விதிகள் 2023-இல் வகுக்கப்பட்டன.

செல்லப்பிராணிக் கடைகளுக்கும் விதிகள் உண்டு. 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளின்படி, ஒவ்வொரு கடையும் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். கடையின் பதிவுச் சான்றிதழைக் காட்டுமாறு கேட்பதும், உயிரினம் எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆவணங்களைப் பெறுவதும் வாங்குவோருக்குப் பாதுகாப்பு.

பட்டியலில் இல்லாதவை

வெள்ளெலி, கினிப் பன்றி, பட்ஜெரிகர் எனப்படும் காதற்கிளி, காக்கட்டீல் போன்றவை சைட்டிஸ் பட்டியலில் இல்லை. இவற்றை வளர்க்கச் சைட்டிஸ் பதிவு தேவையில்லை. ஆனால் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இவற்றுக்கும் பொருந்தும். சிறகு விரிக்க முடியாத கூண்டில் பறவையை அடைப்பதும் அச்சட்டத்தின்படி குற்றமே.

பட்டியலில் இல்லை என்பதனால் மட்டும் ஓர் உயிரினம் தீங்கற்றது ஆகிவிடாது. தொட்டிகளில் நாணயம் அளவிலான குட்டிகளாக விற்கப்படும் செங்காது ஆமை இதற்கு எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையைச் சேர்ந்த இந்த ஆமை, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இத்தகைய உயிரினங்களின் இறக்குமதி, வணிகம், வைத்திருத்தல் ஆகியவற்றைத் தடை செய்யும் அதிகாரத்தை 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் மத்திய அரசுக்கு வழங்கியுள்ளது.

வீட்டுக்குள் அடங்காத இயல்பு

சட்டத்தைக் கடந்தும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: அந்த உயிரினம் வாழத் தேவையானதை ஒரு வீட்டினால் தர முடியுமா?

ஊர்வன தம் உடல் வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்வதில்லை. வெயில் காயும் இடமும் நிழலும் அவற்றுக்கு ஒருசேரத் தேவை. பச்சை இகுவானா, ஆமை போன்றவற்றுக்குப் புற ஊதாக் கதிர் கிடைக்காவிட்டால் உடலில் வைட்டமின் டி உருவாகாது, கால்சியம் சேராது, எலும்பு மென்மையாகி வளையும். கண்ணாடித் தொட்டியில் வெறும் மின்விளக்கின் கீழ் வளரும் பல்லிகளும் ஆமைகளும் இந்நோய்க்கு ஆளாவது வழக்கம். மேலும், கடையில் உள்ளங்கை அளவில் இருக்கும் இகுவானா வால் உட்பட ஒன்றரை மீட்டருக்கு மேல் வளரும்.

கிளியினங்கள் கூட்டமாக வாழ்பவை. கூர்மையான அறிவு உடையவை. நாள் முழுவதும் தனித்து விடப்பட்ட கிளி தன் இறகுகளைத் தானே பிடுங்கிக்கொள்ளும். வெண்ணெய்ப் பழம் அவற்றுக்கு நஞ்சு. ஒட்டாத பூச்சு கொண்ட வாணலி அளவுக்கு மீறிச் சூடாகும்போது எழும் புகை, அடுத்த அறையில் இருக்கும் பறவையைக்கூடக் கொல்லக்கூடும். எளிதில் வளர்க்கலாம் எனக் கருதப்படும் கினிப் பன்றிக்கும், மனிதரைப் போலவே, வைட்டமின் சி-யை உணவின் மூலமே தர வேண்டும், தராவிட்டால் நோயுறும்.

இவற்றுக்கு மருத்துவம் பார்க்கும் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர்கள் பெருநகரங்களுக்கு வெளியே அரிது. பறவைகளும் சிறு விலங்குகளும் நோயை வெளிக்காட்டாமல் மறைப்பதால், அறிகுறி தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

மனிதருக்கும் பரவும் நோய்கள்

ஆமைகளும் பல்லிகளும் பாம்புகளும் நோயுற்றதாகத் தோன்றாமலேயே சால்மோனெல்லா பாக்டீரியாவைச் சுமக்கக்கூடும். குழந்தைகளுக்குப் பரவிய இத்தொற்றைத் தடுக்கவே, ஓடு நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975-இல் தடை செய்தது. கிளிகளிடமிருந்து சிட்டாக்கோசிஸ் என்னும் நுரையீரல் தொற்று மனிதருக்குப் பரவக்கூடும்.

2003-இல் ஆப்பிரிக்காவின் கானாவிலிருந்து அமெரிக்காவுக்கு இறக்குமதியான பெரிய எலி இனங்களிடமிருந்து, விற்பனைக்கு வைக்கப்பட்டிருந்த பிரெய்ரி நாய்கள் எனப்படும் அணில் இனக் கொறிவிலங்குகளுக்கு எம்-பாக்ஸ் தொற்று பரவியது. அவற்றை வாங்கியோர் உட்பட ஆறு மாநிலங்களில் 47 பேர் பாதிக்கப்பட்டனர். ஆப்பிரிக்காவுக்கு வெளியே அந்நோய் மனிதரிடம் பரவியது அதுவே முதன்முறை.

கைவிட்டால் என்ன ஆகும்?

வளர்க்க முடியாத நிலையில் பலர் செய்வது, உயிரினத்தை அருகிலுள்ள குளத்திலோ தோப்பிலோ விட்டுவிடுவது. இரக்கத்தால் செய்யப்படும் இச்செயலின் விளைவு கொடியது. புதிய சூழலில் பெரும்பாலானவை இறந்துவிடுகின்றன. பிழைப்பவை அங்குள்ள உயிரினங்களின் உணவையும் இடத்தையும் பறிக்கின்றன. 2018-இல் கேரளத்தின் திருச்சூர் பகுதிக் கால்வாயில் செங்காது ஆமை கண்டறியப்பட்டது. மீன் தொட்டியைச் சுத்தம் செய்வதற்கென வாங்கப்படும் தென் அமெரிக்க உறிஞ்சுவாய்க் கெளுத்திகள், தமிழ்நாடு, ஆந்திரம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் நீர்நிலைகளில் பெருகி, மீனவர்களின் வலைகளைச் சேதப்படுத்துகின்றன. அமெரிக்காவின் ஃபுளோரிடா சதுப்புநிலங்களில், செல்லப்பிராணி வணிகத்தின் வழியே வந்து சேர்ந்த பர்மிய மலைப்பாம்புகள், அங்கிருந்த சிறு பாலூட்டிகளின் எண்ணிக்கையைப் பெருமளவு குறைத்துவிட்டன.

எனவே, வளர்க்க இயலாதபோது வெளியில் விடாமல், மாவட்ட வன அலுவலகத்தையோ பதிவு பெற்ற விலங்கு மீட்பு மையத்தையோ அணுகுவதே முறை.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

* இது இந்திய வன உயிரினமா? ஆம் எனில், வாங்கக் கூடாது.

* சைட்டிஸ் பட்டியலில் உள்ளதா? ஆம் எனில், வந்த வழிக்கான ஆவணம் உள்ளதா? 30 நாள்களுக்குள் பதிவு செய்ய முடியுமா?

* முழுமையாக வளர்ந்தபின் எவ்வளவு பெரிதாகும்? அதற்கான இடம் உள்ளதா?

* இதற்குச் சிகிச்சை அளிக்கத் தெரிந்த மருத்துவர் ஊரில் உள்ளாரா?

* எத்தனை ஆண்டுகள் வாழும்?

இக்கேள்விகளில் கடைசியே பெரும்பாலும் கேட்கப்படாமல் போகிறது. வெள்ளெலி இரண்டு, மூன்று ஆண்டுகளே வாழும். பந்து மலைப்பாம்பு 20 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். நல்ல பராமரிப்பில் சாம்பல் கிளி 40 ஆண்டுகளைக் கடக்கும்; சல்காட்டா ஆமை 70 ஆண்டுகளையும் தாண்டும். நாற்பது வயதில் ஒருவர் வாங்கும் ஆமைக்குஞ்சு, அவருக்குப் பிறகு அவருடைய பிள்ளைகளின் பொறுப்பாக மாறும். அப்போது அதைப் பார்த்துக்கொள்ளப்போவது யார் என்பதை வாங்கும் நாளிலேயே குடும்பத்தினர் பேசி முடிவு செய்ய வேண்டும்.