எந்த மென்பொருள் என்பதற்கு முன்னால் எந்த எழுத்து?



வில்லியனூர்ப் பக்கம் ஒரு கோயில் பாடற்குழுவில் கீபோர்டு வாசிக்கும் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "டீச்சர், அச்சடித்த இசைத்தாளைக் கம்ப்யூட்டரில் திருத்துகிற மாதிரி நொட்டேஷனாக மாற்ற எந்த மென்பொருள் நல்லது?" பதில் சொல்ல 130 வருடம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

1890களில் சென்னைத் தலைமைச் செயலகத்தில் அதிகாரியாக இருந்தவர் ஏ.எம். சின்னசாமி முதலியார். கிறிஸ்தவர், கர்நாடக இசையில் ஊறியவர். அன்றைக்குக் கீர்த்தனைகள் பெரும்பாலும் வாய்மொழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. பாடுகிறவர் போனால் பாடமும் போய்விடும். முதலியார், தியாகையரின் சீடர் வழியில் வந்த வாலாஜாபேட்டை கிருஷ்ணசாமி பாகவதர் போன்றவர்களிடம் கேட்டு, கிருதிகளை ஐந்து கோட்டு ஐரோப்பிய நொட்டேஷனில் எழுதினார். 1892இல் தொடங்கி 'ஓரியண்டல் மியூசிக் இன் யூரோப்பியன் நொட்டேஷன்' என்ற பெயரில் பகுதி பகுதியாக அச்சிட்டார். உலகத்தில் எவரும் படிக்கக்கூடிய எழுத்து அது என்பதுதான் அவர் கணக்கு.

முத்துசாமி தீட்சிதர் குடும்பத்துப் பொக்கிஷம் அப்போது எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரிடம் இருந்தது. (நம் புதுச்சேரியில் பத்து வருடம் வாழ்ந்த பாரதியார் பிறந்த அதே ஊர்.) அதையும் அச்சில் கொண்டுவர முதலியார் தூண்டினார். சமஸ்தானத்தின் ஆதரவில் 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' வெளிவந்தது. ஆனால் தீட்சிதர் ஐந்து கோட்டைக் கையாளவில்லை. தெலுங்கு எழுத்தில் ஸ ரி க ம எழுதி, சுரத்தை அசைக்கும் விதத்துக்கெல்லாம் தனித்தனிக் குறி வைத்தார். கம்பிதத்துக்கு அலைக்கோடு, ஏற்ற ஜாருவுக்கு ஒரு சாய்கோடு, இறக்க ஜாருவுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு, இப்படி. வெறும் சுரம் மட்டும் எழுதினால் ராகம் பிடிபடாது என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டு பேர், ஒரே நோக்கம், இரண்டு எழுத்து. இப்போது கம்ப்யூட்டருக்கு வருவோம்.

இசைத்தாளை இயந்திரம் படிக்கும் ஆராய்ச்சி 1966இலேயே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் தொடங்கிவிட்டது. 1985 ஜப்பான் சுக்குபா கண்காட்சியில் வாபாட்-2 என்ற ரோபோ, கேமராவால் இசைத்தாளைப் பார்த்து ஆர்கன் வாசித்தது. வேலை நடக்கும் விதம் எளிமைதான். முதலில் ஐந்து கோடுகளைக் கண்டுபிடிக்கும். பிறகு குண்டு, காம்பு, வால் என்று உருவங்களைப் பிரிக்கும். குண்டு எந்தக் கோட்டில் இருக்கிறதோ அதுதான் சுரம். அதாவது இந்த மென்பொருள்கள் எல்லாம் முதலியார் தேர்ந்தெடுத்த எழுத்தைத்தான் படிக்கக் கற்றிருக்கின்றன.

தீட்சிதரின் நூலை இவை படிக்காது. சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் அதைத் தமிழ் எழுத்தில் கொண்டுவந்ததும், பிறகு ஆர்வலர்கள் இணையத்தில் ஏற்றியதும் மனித உழைப்பால்தான். தமிழில் இன்னொரு சிக்கல். மேல் ஸ்தாயிக்கு சுரத்தின் தலையில் புள்ளி வைக்கிறோம். 'ப' மேல் புள்ளி வைத்தால், எழுத்துணரி அதை 'ப்' என்று மெய்யெழுத்தாக எடுத்துக்கொள்ளும். ஸ்தாயி போச்சு!

ஆகவே, கேட்ட மாணவருக்கும் மற்றவர்களுக்கும்:

1. கையில் இருப்பது ஐந்து கோட்டு அச்சுத்தாள் என்றால் முதலில் காசு கொடுக்காதீர்கள். ஆடிவெரிஸ் இலவசம். அது தரும் மியூசிக்-எக்ஸ்.எம்.எல். கோப்பை, அதே போல் இலவசமான மியூஸ்ஸ்கோரில் திறந்து திருத்தலாம். செல்போனில் படமெடுத்தே செய்ய பிளேஸ்கோர் 2 இருக்கிறது. ஸ்மார்ட்ஸ்கோர், ஃபோட்டோஸ்கோர் விலைக்கு வருபவை.

2. உங்களிடம் இருப்பதிலேயே சிக்கலான ஒரு பக்கத்தை 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, அதே பக்கத்தை ஒவ்வொன்றிலும் போட்டுப் பிழைகளை எண்ணுங்கள். எதில் திருத்தம் குறைவோ அதுவே உங்களுக்கு நல்லது.

3. புள்ளிகளைக் கவனியுங்கள். குண்டுக்குப் பக்கத்துப் புள்ளி அதன் காலத்தைப் பாதி கூட்டும். பழைய தாளின் தூசியும் புள்ளியாகிவிடும். வரி தொடக்கத்து ஃபிளாட் குறி ஒன்று விட்டுப்போனால் அந்தச் சுரம் வருகிற இடமெல்லாம் மாறிவிடும். வாசிக்கவைத்து, பாட்டுத் தெரிந்தவர் காதால் சரிபார்க்க வேண்டும்.

4. ஸ ரி க ம நோட்டு என்றால் உட்கார்ந்து தட்டச்சு செய்வதுதான் வழி. மாற்றிய பிறகும் மூலத்தின் ஸ்கேனை அழிக்காதீர்கள். இயந்திரம் விட்டுவிட்ட குறி அதில்தான் இருக்கும்.

கடைசியாக ஒன்று. நம் வீடுகளில் பாட்டிமார், அத்தைமார் கையால் எழுதிய பாட்டு நோட்டுகள் பரணில் கிடக்கின்றன. அவரவர் வைத்த கோடும் சுழியும் அவரவருக்கே தெரியும். அதைப் படிக்கும் மென்பொருள் கிடையாது. படிக்கத் தெரிந்த ஆள்தான் உண்டு. சின்னசாமி முதலியார் செய்ததும் அதுதான்: ஆள் இருக்கும்போதே போய் உட்கார்ந்து கேட்டு எழுதினார். இந்தப் பொங்கல் விடுமுறைக்குள் அந்த நோட்டை எடுத்து, அவர்களைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். மென்பொருளைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

மூலக்குளத்திலிருந்து,
உங்கள் டீச்சர்