நீலத்தாளிலிருந்து பி.டி.எஃப். வரை



வீடு கட்டத் தொடங்கியிருக்கும் நம் பிள்ளைகள் சிலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "இன்ஜினியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிளான் திறக்கவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?" வந்திருந்தது டி.டபிள்யூ.ஜி. ஃபைல். வரைந்தவரிடம் இருக்கும் கருவி, பணம் போட்டுக் கட்டுபவரிடம் இல்லை. இந்தச் சிக்கலுக்குச் சுவையான வரலாறு உண்டு.

ஒரு காலத்தில் வரைபடத்துக்கு நகல் வேண்டுமென்றால், ஒவ்வொரு கோட்டையும் கையால் மறுபடி வரைய வேண்டும். நேரமும் போகும், பிழையும் நுழையும். 1842இல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய வானியலாளர், இரும்பு உப்புக் கரைசல் பூசிய தாள் வெளிச்சம் பட்டால் நீலமாகும் முறையைக் கண்டுபிடித்தார். டிரேசிங் தாளில் மையால் வரைந்த படத்தை அந்தத் தாள்மேல் வைத்து வெயிலில் காட்டுவார்கள். கோடு மறைத்த இடத்தில் வெளிச்சம் படாது. தண்ணீரில் அலசினால் அந்த இடம் வெள்ளையாகவும் மற்ற இடமெல்லாம் நீலமாகவும் நிற்கும். 'புளூபிரிண்ட்' என்ற சொல் இப்படி வந்ததுதான். பின்னர் வெள்ளைத் தாளில் கோடு விழும் அம்மோனியா பிரிண்ட் அந்த இடத்தைப் பிடித்தது.

இவற்றின் பெருமை என்ன தெரியுமா? பார்ப்பவருக்குக் கண் போதும். கொத்தனார், வீட்டுக்காரர், பஞ்சாயத்து அலுவலர் எல்லோரும் ஒரே தாளைப் பார்த்துப் பேசலாம்.

1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட், ஒளிப்பேனாவால் கணினித் திரையில் வரையும் 'ஸ்கெட்ச்பேட்' நிரலை உருவாக்கினார். 1982இல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஆட்டோகேட் வந்தது. சாதாரணக் கணினியிலேயே பிளான் போட முடிந்தது. ஆனால் தாளில் இருந்த படம் ஃபைலுக்குள் போய் ஒளிந்துகொண்டது. டி.டபிள்யூ.ஜி.யின் உள்ளமைப்பை நிறுவனம் வெளியிடவில்லை. பரிமாற்றத்துக்கென்று டி.எக்ஸ்.எஃப். என்ற வடிவத்தைத் தந்தது. அதைத் திறக்கவும் ஏதாவதொரு மென்பொருள் வேண்டுமே! 1998இல் மற்ற நிறுவனங்கள் கூட்டமைப்பு ஒன்றை அமைத்து, டி.டபிள்யூ.ஜி.யைப் படிக்கும் வழிகளைத் தாங்களே உருவாக்கத் தொடங்கின.

இதற்கிடையில் 1993இல் அடோபி நிறுவனம் பி.டி.எஃப்.பை வெளியிட்டது. எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் மாறாமல் தெரிய வேண்டும் என்பது அதன் நிறுவனர்களில் ஒருவரான ஜான் வார்னாக்கின் எண்ணம். முதலில் பார்க்கும் மென்பொருளையும் விலைக்குத்தான் விற்றார்கள். அதை இலவசமாக்கிய பிறகே அது உலகெங்கும் பரவியது. 2008இல் பி.டி.எஃப். சர்வதேசத் தர நிர்ணயமாகவும் ஆனது. பழைய நீலத்தாள் செய்த வேலையை இன்று செய்வது இதுதான்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. 1:100 அளவில் போட்ட பிளானில் 3 மீட்டர் சுவர், தாளில் 3 செ.மீ. இருக்கும். ஏ3 தாளுக்கான அந்தப் படத்தைக் கடையில் ஏ4 தாளுக்குள் சுருக்கி அச்சிட்டால், அது ஏறக்குறைய 2.1 செ.மீ. ஆகிவிடும். ஸ்கேல் வைத்து அளந்தால் அறையே சிறுத்துப் போகும். ஆகவே எழுதியிருக்கும் அளவை மட்டும் நம்புங்கள்.

கட்டடத் துறையில் இருக்கும் என் மாணவர்களுக்கு: வீட்டுக்காரருக்கு முதலில் பி.டி.எஃப். அனுப்புங்கள். ஒவ்வொன்றிலும் தேதியும் திருத்த எண்ணும் போடுங்கள். இல்லையென்றால் கொத்தனார் கையில் பழைய பிளானும், உங்கள் கையில் புதிய பிளானும் இருக்கும், இடிபடுவது சுவர். டி.டபிள்யூ.ஜி. அனுப்பினால் எழுத்துருக்களையும் இணைப்புப் படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகள் நிற்கும்.

வீடு கட்டும் உறவினர்களுக்கு: வேலை முடிந்ததும் டி.டபிள்யூ.ஜி. ஃபைலையும் கேட்டு வாங்கி வையுங்கள். பின்னாளில் மாடி எடுக்கும்போது அடுத்த இன்ஜினியருக்கு அது உதவும். உங்களால் திறந்து பார்க்க முடியாத படத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். பார்க்காமல் கொடுக்கும் சம்மதம் சம்மதமே அல்ல. "எனக்குத் திறக்கவில்லை, வேறு மாதிரி அனுப்புங்கள்" என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? வீடு உங்களுடையது.

அனைவரும் நலமாக இருங்கள்.