ஆறு இலட்சம் கடிதங்களும் ஒரு தொகையும்



நோய் ஆராய்ச்சிக்கு அரசாங்கப் பணம் கேட்டுத் தனித்தனியாகப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் அனுதாபம்தான் கிடைக்கும். அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானவர்கள் ஒன்றுசேர்ந்து நிதி பெற்ற வரலாற்றை இம்மாதம் பார்ப்போம்.

1980களில் அங்கே பல ஊர்களில் நோயாளர் குழுக்கள் இருந்தன. ஆறுதலும் தகவலும் கொடுப்பதே அவற்றின் முக்கிய வேலை. அதே காலத்தில் எயிட்ஸ் நோயாளர்கள் திரண்டு போராடி ஆராய்ச்சி நிதியைக் கூட்டிக்கொண்டார்கள். இதைக் கண்ட குழுக்கள் 1991இல் தேசிய மார்பகப் புற்றுநோய்க் கூட்டமைப்பை உருவாக்கின. தலைமை ஏற்ற பிரான் விஸ்கோ இந்த நோயிலிருந்து மீண்ட ஒரு சட்டத்தரணி.

அவ்வாண்டு 175,000 பெண்களுக்கு இந்நோய் வரும் என்று கணிக்கப்பட்டிருந்தது. ஆளுக்கு ஒரு கடிதமாக அத்தனை கடிதங்கள் திரட்ட நினைத்தார்கள். ஆறு இலட்சத்துக்கும் மேல் சேர்ந்தன. ஒக்டோபரில் அவற்றைக் காங்கிரசிடமும் வெள்ளை மாளிகையிடமும் கையளித்தார்கள்.

அடுத்துச் செய்ததுதான் கணக்காளனான என்னைக் கவர்ந்தது. 1992 பெப்ரவரியில் விஞ்ஞானிகளை அழைத்து, "பயனுள்ள முறையில் எவ்வளவு செலவிட முடியும்?" என்று கேட்டார்கள். மேலதிகமாக 300 மில்லியன் டொலர் என்று முடிவாயிற்று. எல்லாக் குழுக்களும் அந்த ஒரே தொகையைக் கேட்டன.

ஆனால் பாதுகாப்புச் செலவில் மிச்சமாகும் பணத்தை உள்நாட்டுச் செலவுக்கு மாற்ற 1990ஆம் ஆண்டுச் சட்டம் தடையாக இருந்தது. தம் இரு சகோதரிகளை இந்நோயால் இழந்த செனட்டர் டொம் ஹார்கின் மாற்ற முயன்றும் முடியவில்லை. பிறகு இராணுவ வரவுசெலவிலேயே இந்நோய்க்கென ஏற்கெனவே இருந்த 25 மில்லியன் டொலர் ஒதுக்கீட்டைக் கவனித்தார்கள். அதே தலைப்பின் கீழ் 210 மில்லியன் ஒதுக்கப்பட்டது. வேறொரு நோயாளியின் பங்கிலிருந்து எடுத்த பணம் அல்ல அது.

கொடுத்த பணத்தை எந்த ஆய்வுக்குச் செலவிடுவது என்று தீர்மானிக்கும் குழுக்களில் பின்னர் நோயாளர்களுக்கும் ஆசனம் கிடைத்தது. 1997இல் புரொஸ்டேட், சூலகப் புற்றுநோய்களுக்கும் இராணுவ வரவுசெலவில் இதே வழியில் நிதி வந்தது.

ஒன்று மட்டும் மாறவில்லை. இந்த நிதியைக் காங்கிரஸ் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக ஒதுக்க வேண்டும். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் போய்க் கேட்கவும் வேண்டும். இங்கே நாம் நடத்தும் சிறு சிறு சங்கங்களும் அரசாங்கத்திடம் போகுமுன் ஒன்றாய் உட்கார்ந்து ஒரு தொகையை முடிவு செய்தால் நல்லது.

அடுத்த மாதம் சந்திப்போம்.