மாதாப்பூரின் சேலைத் தூளிகள்

ஐதராபாத்தின் மேற்கே, துர்கம் செருவு என்னும் ஏரியை அடுத்துப் பாறைக்குன்றுகளுக்கிடையே கிடந்த மாதாப்பூர், 1998 நவம்பர் 22 அன்று பிரதமர் வாஜ்பாய் சைபர் டவர்ஸ் கட்டடத்தைத் திறந்துவைத்ததிலிருந்து தகவல் தொழில்நுட்ப நகரமாகப் பெயர் பெற்றது. அந்நகரை எழுப்பிய சித்தாள்களின், அதாவது கொத்தனாருக்குக் கல்லும் கலவையும் சுமந்து கொடுக்கும் பெண்களின், வரலாறு அவ்வளவாக எழுதப்படவில்லை.

ஐதராபாத்தின் கட்டுமானங்களுக்கு ஆள் தந்த பகுதிகளுள் முதன்மையானது, மக்கள் பாலமூர் என்றழைக்கும் மகபூப்நகர் மாவட்டம். மழை பொய்க்கும் அந்த மண்ணிலிருந்து, மேஸ்திரி கொடுத்த முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கணவனும் மனைவியும் சேர்ந்தே வேலைக்குப் புறப்பட்டதால், பால்குடி மறவாத பிள்ளையும் உடன் வந்தது. மரக்கிளையிலோ சாரக்கம்பிலோ பழஞ்சேலையைக் கட்டித் தூளியாக்கிப் பிள்ளையைக் கிடத்தி, இரண்டு நடைச் சுமைக்கு நடுவே ஒருமுறை ஆட்டிவிட்டுப் போவது அவர்களுடைய வழக்கம்.

தெலுங்கில் ஜோல பாட்டு எனப்படும் தாலாட்டுக்கு நெடிய இலக்கிய மரபு உண்டு. 15ஆம் நூற்றாண்டில் அன்னமாச்சாரியார் திருமாலைக் குழந்தையாக்கிப் பாடினார். தமிழில் பெரியாழ்வார் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கண்ணனைத் தொட்டிலிட்டார். பேரழகு வாய்ந்த அப்பாடல்களில் தாய்க்குக் கைவலி இல்லை, அவளை அழைக்கும் கங்காணியும் இல்லை. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பிருதுராஜு ராமராஜுவும் தமிழகத்தில் நா. வானமாமலையும் நாட்டார் பாடல்களை ஆய்வுக்குரிய பொருளாக்கிய பின்னரே உழைப்பவளின் குரலுக்கு ஏட்டில் இடம் கிடைத்தது. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களிலும் பிரட்டு எனப்படும் அதிகாலை ஆள்கணக்கெடுப்புக்கு முன் குழந்தையைப் பிள்ளைமடுவத்தில், அதாவது தோட்டக் காப்பகத்தில், விட்டுச் செல்லும் தாய்மார் இருந்தனர். அம்மக்களின் பாடல்களைத் தொகுத்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. இத்தகைய தாலாட்டைக் கொஞ்சல் என்று மட்டும் வகைப்படுத்துவது போதாது. பிள்ளையிடம் பேசுவதாகத் தொடங்கி, கூலியையும் களைப்பையும் வராத தாய்மாமனையும் பற்றி வேறெவரிடமும் முறையிட முடியாததை அது முறையிடுகிறது. அன்பும் அலுப்பும் அங்கே ஒரே மூச்சில் வருகின்றன.

அந்த மூச்சுக்குக் கிடைத்த நேரம் எவ்வளவு என்பதைச் சட்டங்களும் காட்டுகின்றன. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்குப் பதினைந்து மாதம் நிறையும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை அளித்தது. 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தளத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு அறை ஒதுக்கச் சொன்னது. மகப்பேறு நலச் சட்டத்துக்கு 2017ஆம் ஆண்டில் வந்த திருத்தமோ, ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர் உள்ள நிறுவனம் காப்பகம் அமைக்கவும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே சென்றுவரவும் வகை செய்தது. மாதாப்பூரில் இவ்விரு காப்பக விதிகளும் ஒரே தெருவில் எதிரெதிரே நிற்கக்கூடியவையாக இருந்தன: முடிந்த கட்டடத்தில் கணினி முன் அமரும் தாய்க்கு ஒன்று, எதிரே எழும் கட்டடத்தில் கலவைச் சட்டி சுமப்பவளுக்கு மற்றொன்று. முன்னதில் ஆணும் பெண்ணுமாக எல்லா ஊழியரும் கணக்கில் வர, பின்னதில் பெண்கள் மட்டுமே எண்ணப்பட்டதால், நாற்பது சித்தாள்கள் உள்ள தளத்துக்கு அக்கடமை எழவேயில்லை. அத்தகைய தளங்களில் தூளியின் கயிறு பெரும்பாலும் ஏழெட்டு வயது அக்காவின் கையில் இருந்தது; தாயின் தாலாட்டை அவள் தாயாவதற்கு வெகுகாலம் முன்பே பாடக் கற்றதும், பள்ளிக்குப் போகாமல் நின்றதும் அதனால்தான்.