பாற்சாலையில் ஒரு ஸங்கீத வகுப்பு

யந்திரத்தைக் கொண்டும் ஸங்கீதம் இயற்றலாம் என்பதைச் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கண்டுகொண்டன. பாரிஸில் 1948-ல் பியர் ஷெஃபரும், அவரைச் சில ஆண்டுகளில் தொடர்ந்து கொலோன் நகரத்தாரும் தங்கள் பரீட்சைகளை வானொலி நிலையங்களில் நடத்தியபடியால், அங்கே அது ஒலிபரப்புக்காரர்களின் வித்தையாக வளர்ந்தது. அமெரிக்காவிலோ சர்வகலாசாலையின் வாசல் வழியே நுழைந்தமையால், ஆசிரியர், மாணாக்கர், பட்டம் என்னும் பரிவாரங்களோடு கூடிய பாடமாகவே நிலைத்தது.

நுழைந்த விதம் சற்று வேடிக்கையானது. 1951-ல் நியூயார்க் கொலம்பியா சர்வகலாசாலையின் ஸங்கீதப் பகுதியார், கச்சேரிகளைப் பதிவு செய்து வைக்கலாம் என்ற அடக்கமான நோக்கத்தோடுதான் ஆம்பெக்ஸ் ஒலிநாடாக் கருவியை வாங்கினார்கள். அது விளாதிமிர் உஸ்ஸாசெவ்ஸ்கி என்ற ஆசிரியரின் பொறுப்பில் வந்தது. மஞ்சூரியாவில் ருஷியப் பெற்றோருக்குப் பிறந்து, 1930-ல் அமெரிக்கா வந்து சேர்ந்த அவர், கருவியைக் காப்பதோடு நில்லாமல், பியானோவின் நாதத்தை வேகம் மாற்றி ஓடவிட்டும், பீட்டர் மௌஸி என்ற இளம் எஞ்சினீயர் அமைத்துக்கொடுத்த உபகரணத்தால் எதிரொலி கூட்டியும் பார்த்து, கிடைத்த பலனை 1952 மே 9-ல் சபையோர் முன் வைத்தார். புல்லாங்குழல் வித்துவானான ஆட்டோ லூனிங்கும் உடன் சேர, அவ்வாண்டு அக்டோபர் 28-ல் நியூயார்க் நவீன கலைக் காட்சிசாலையில் இருவருடைய உருப்படிகளும் அரங்கேறின.

இவ்வித்தையில் மூளைக்கு இருந்த வேலையைவிடக் கைக்கு இருந்த வேலை குறைவன்று. விநாடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் கால் விநாடி ஒலி என்பது மூன்றே முக்கால் அங்குலம். ஆகவே இயற்றுகிறவர் தாளத்தைத் துணி அளக்கும் தையற்காரரைப்போல அளவுகோலால் அளந்து, சவரத் தகட்டால் நறுக்கி, ஒட்டுநாடாவால் இணைத்து, சரிவராதபோது மறுபடியும் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. ஒலிக்கு நீளமும் ஓரமும் உண்டென்று விரல்களே அறிந்துகொண்ட அந்தப் பயிற்சியை, பின்வந்த எந்தச் சௌகரியமும் முற்றிலும் ஈடுசெய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1959-ல் ராக்ஃபெல்லர் நிதியார் வழங்கிய 1,75,000 டாலரைக் கொண்டு, கொலம்பியாவும் பிரின்ஸ்டனும் கூட்டாக மின்னணு ஸங்கீத நிலையம் ஒன்றை ஸ்தாபித்தன. 125-ஆம் தெருவில் முன்னொரு காலத்தில் பால் பதப்படுத்தும் சாலையாக இருந்த கட்டடத்தில், ஆர்.சி.ஏ. கம்பெனியின் ‘மார்க் 2’ என்னும் பிரம்மாண்டமான யந்திரம் வீற்றிருந்தது. ஸ்வரத்தின் உயரம், காலப்பிரமாணம், ஒலியின் குணம் யாவற்றையும் காகிதச் சுருளில் துளைகளாகக் குறித்தாலன்றி அது வாய் திறவாது. ஒரு காலத்தில் கணிதம் போதித்தவராகிய மில்டன் பாபிட்டுக்கு இந்தக் கண்டிப்பே ஆனந்தம். 1964-ல் அவர் இயற்றிய ‘ஃபிலமெல்’ அதற்குச் சாட்சி. சார்ல்ஸ் வொரினன் அதே யந்திரத்தில் உருவாக்கிய படைப்புக்கு 1970-ல் புலிட்சர் பரிசும் கிடைத்தது. எனினும் நாடாவும் தகடும் கொண்டு எளிய அறைகளில் வேலை செய்தவர்களே அங்கே மிகுதி. பெரிய யந்திரத்தோடு பொறுமையாக உறவாட முன்வந்தவர்கள் சிலரே.

1965-ல் உஸ்ஸாசெவ்ஸ்கி, ஒலி எழுதல், தணிதல், நிலைத்தல், அடங்குதல் என்ற நான்கு அவஸ்தைகளையும் தனித்தனியே ஆளத்தக்க உறுப்பொன்றை மின்னிசைக் கருவிகள் செய்துவந்த ராபர்ட் மூகிடம் கேட்டுப் பெற்றார். அந்தப் பகுப்பு மின்னிசைக் கருவிகளின் பொதுச் சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. அவரிடம் கொலம்பியாவில் பயின்ற வெண்டி கார்லோஸோ, 1968-ல் மூகின் கருவியை வாசித்து வெளியிட்ட இசைத்தட்டால் உலகப் பிரசித்தி அடைந்தார். புதிய நாதத்தையன்றி வேறெதையும் நாடாத ஆசாரியர்களிடம் கற்ற அவர் அந்த இசைத்தட்டுக்கென்று தேர்ந்தெடுத்தது, பதினெட்டாம் நூற்றாண்டுப் பாக்கின் உருப்படிகளை.