சுருள்மயிர்ப் பூனைகளின் வரலாறு

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலே கடலை நோக்கி நீண்டு கிடப்பது கோர்ன்வால். அங்குள்ள பொட்மின் மேட்டுநிலத்துப் பண்ணையொன்றில், 1950ஆம் ஆண்டு யூலை மாதம், செறீனா என்னும் பூனை ஐந்து குட்டிகளை ஈன்றது. நான்கு குட்டிகளின் மயிர் வழமைபோல் நேராயிருந்தது. வெளிர்மஞ்சள் நிறமான ஆண் குட்டியொன்றின் மயிர் மட்டும் அலையலையாகச் சுருண்டிருந்தது, மீசையுங்கூட வளைந்திருந்தது.

பிறர் வீட்டிலாயின், நோய்ப்பட்ட குட்டியென அது ஒதுக்கப்பட்டிருக்கவுங் கூடும். ஆனால், அதனை வளர்த்த நீனா எனிஸ்மோர் அம்மையார் முன்னர் றெக்ஸ் எனும் அரிய மயிருடைய முயல்களை வளர்த்தவர். இது நோயன்று, புதிய இயல்பு என ஐயுற்ற அவர், பரம்பரையியல் வல்லாரின் யோசனையை நாடினார். குட்டி வளர்ந்ததும் அதனைத் தாயுடனேயே சேர்க்குமாறு யோசனை கிடைத்தது. கேட்போர் முகஞ்சுளிக்கலாம். எனினும், இவ்வியல்பு பின்னிடைவானது. தாய் தந்தை இருவரும் அப்பரம்பரையலகைக் கொடுத்தாலன்றி மயிர் சுருளாது. நேர்மயிருடைய செறீனா அதனை மறைவாகத் தாங்கியிருந்தது. கலிபங்கர் எனப் பெயரிடப்பட்ட அக்குட்டிக்கும் செறீனாவுக்கும் சுருள்மயிர்க் குட்டிகள் பிறந்தன. முயலின் பெயரே பூனைக்கும் வழங்கலாயிற்று.

ஆயினும், ஒரே குட்டியின் வழிவந்த கூட்டம் எத்துணை நாள் நிலைக்கும்? 1957இல் இரு பூனைகள் அமெரிக்காவுக்குச் சென்றன. பிரித்தானியாவிலோ இவ்வினம் மிகவும் அருகியது. இந்நிலையிலேதான், 1960இல் அயல் மாவட்டமாகிய டெவனிலும் சுருள்மயிர்க் குட்டியொன்று பிறந்தது. கேர்லி என்பது அதன் பெயர். புதிய இரத்தங் கிடைத்ததென மகிழ்ந்து, கேர்லியைக் கோர்ன்வால் பெண்பூனைகளுடன் சேர்த்தனர். பிறந்த குட்டிகள் அனைத்தும் நேர்மயிருடையனவாயிருந்தன!

ஏமாற்றந்தான்; ஆயினும் அதுவே தெளிவான விடையுமாயிற்று. புறத்தோற்றம் ஒத்திருந்தும் இரு விகாரங்களும் வெவ்வேறானவை. ஒன்றிற் பழுதுற்றிருந்த அலகை மற்றது பழுதின்றிக் கொடுத்தமையால் குட்டிகளின் மயிர் நேராயிற்று. ஆதலின் கேர்லியின் வழியைத் தனியே பேண வேண்டியதாயிற்று. அதுவும் நெருங்கிய உறவுக்குள் இணைத்தே.

அரை நூற்றாண்டின் பின் ஆய்வுகூடங்கள் இதனை உறுதிசெய்தன. டெவன் இனத்தில் மயிரை ஆக்கும் கெரற்றின் புரதத்துக்குரிய அலகொன்று மாறியுள்ளதென 2010இலும், கோர்ன்வால் இனத்தில் முற்றிலும் வேறோர் அலகு சிதைந்துள்ளதென 2013இலும் அறியப்பட்டது. பின்னைய அலகு மனிதரிடமும் உண்டு. அது பழுதுற்றவிடத்து அவர்தம் தலைமயிரும் கம்பளி போற் சுருளும்.