ஓடித் தேயாத ஒரு வினைச்சொல்



ஆங்கிலத்தில் மிகுதியான பொருள்களைத் தாங்கும் சொல் எது என்று வினவினால், நீங்கள் நீண்டதொரு சொல்லைத் தேடுவீர்கள். விடையோ மூன்றே எழுத்துக்களாலான சிறு சொல். 1989இல் இருபது தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில், 'செட்' என்னும் வினை 430 பொருள்களுடன் முதன்மை பெற்றிருந்தது. அகராதியைப் பின்னர்த் திருத்தியபோது 'ரன்' என்னும் வினை அதனை முந்தியது. பீட்டர் கில்லிவர் என்பார் அவ்வொரு சொல்லுக்கே ஏறத்தாழ ஒன்பது திங்கள் உழைத்தார். 2011இல் அதன் பொருள்கள் 645 எனக் கணக்காயின.

இவ்வாறு எண்ணும் முறைக்கு உருவளித்தவர் ஜேம்ஸ் மரே. ஸ்காட்லாந்தில் தையற்காரர் ஒருவரின் மகன், பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர், பின்னர்ப் பள்ளியாசிரியரானவர். (என் தொழிலைச் சேர்ந்தவர் என்று நான் சிறிது பெருமை கொள்வதைப் பொறுத்தருள்க.) 1879இல் அவர் பணியை ஏற்றபோது பத்தாண்டில் முடித்துவிடலாம் என்றே எண்ணினர். 1884இல் வெளிவந்த முதற்பகுதியோ எறும்பைக் குறிக்கும் 'ஆண்ட்' என்ற சொல்லோடு நின்றுவிட்டது! பொதுமக்கள் பலர் தாம் படித்த நூல்களிலிருந்து ஒரு சொல் பயிலும் தொடரையும், நூலின் பெயரையும், ஆண்டையும் தாள்துண்டுகளில் எழுதி அஞ்சலில் அனுப்பினர். அத்துண்டுகளை ஆண்டு வரிசையில் அடுக்கினால், ஒரு சொல் எப்பொழுது எப்பொருளைப் பெற்றது என்பது தானே புலப்படும். 1915இல் மரே மறைந்தார். அகராதி நிறைவுற்றது 1928இல்தான்.

'ரன்' பழைய ஆங்கிலத்திலேயே வழங்கிய சொல். மனிதன் ஓடினான், நீரும் ஓடிற்று. பின்னர் நீராவி எந்திரங்கள் வந்தன. காலில்லாத எந்திரத்தின் இடையறாத இயக்கத்தை எச்சொல்லால் குறிப்பது? மக்கள் புதுச்சொல் தேடவில்லை; 'ஓடுகிறது' என்றனர். எந்திரத்தை ஓட்டுபவன் அதனைக் கண்காணிப்பவனுமாவான் அல்லவா? ஆகவே, 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வாணிகத்தை நடத்துவதற்கும் அச்சொல்லே பயன்படலாயிற்று. நம் காலத்தில் கணிப்பொறி நிரலும் அவ்வினையையே ஏற்றது.

ஒருமுறை, 'அவர் ஒரு பள்ளியை நடத்துகிறார்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரை, மாணவன் ஒருவன் 'அவர் ஒரு பள்ளிக்கு ஓடுகிறார்' என மொழிபெயர்த்திருந்தான். ஆசிரியர் அறையில் சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. பொருள்களைப் பட்டியலாக நெட்டுருச் செய்யச் சொன்னோமேயன்றி, ஒரு பொருளிலிருந்து மற்றொன்று கிளைத்த வழியை அவனுக்கு யார் காட்டினோம்? மறுநாள் ஆற்றில் தொடங்கி ஆலை வழியாக அலுவலகம் வரையில் கரும்பலகையில் வரைந்து காட்டினேன். அதன்பின் அவ்வகுப்பில் அப்பிழை நேரவில்லை.

இன்னும் ஒன்று கூறவேண்டும். பதவி வேண்டித் தேர்தலில் போட்டியிடுவதையும் அமெரிக்கர் 'ஓடுதல்' என்றே குறிப்பர். இங்கிலாந்தில் அதனை 'நிற்றல்' என்பர். நம் வேட்பாளர்களும் தேர்தலில் நிற்கத்தான் செய்கிறார்கள்.